பொட்டு வைத்த பில்டர்

கார் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் ஒருவர் வந்து கேட்பார்: "சர்வீஸ் பேக்கேஜ் எடுக்கலாமா, இல்ல வண்டிய நானே பாத்துக்கட்டுமா?" இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். வழவழப்பான தாளில் படம் போட்டும் கொடுத்திருப்பார்கள். அதை நான் குறை சொல்ல வரவில்லை. கோலா சிலாங்கூரில் ஓய்வு பெறும் வரை அதே தாளை நானும்தான் ஆள் ஆளுக்கு நீட்டிக்கொண்டிருந்தேன். என் நாற்காலி இப்போது உங்களில் ஒருவருக்கு வந்திருக்கிறது. அதன் இடது சக்கரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், திட்டாதீர்கள். எனக்கு ரொம்ப நாள் உழைத்தது.

அந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. "நானே பாத்துக்குவேன்" என்று மார்தட்டிவிட்டு, புகை வரும் வரை எஞ்சின் மூடியைத் திறந்தே பார்க்காத ஆட்களும் உண்டு. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு ஆகப் பெரிய பேக்கேஜ் கேட்டு வந்த டீச்சரம்மாவும் உண்டு. வேண்டாம் என்று நானே அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினேன். அன்று மாலை வரை மேனேஜர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் எங்கள் பழைய சர்வீஸ் மேற்பார்வையாளர். அவருடைய தாத்தா தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று தலைமுறை ஆகியும் அந்த வீட்டுப் பேச்சு அவர் வாயை விட்டுப் போகவில்லை. அவர் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, வண்டியில் என்ன கோளாறு என்பதைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லாதே, வண்டியின் பக்கத்தில் போய் நின்று சொல். இன்னொன்றை அவர் வாய்மொழியிலேயே சொல்கிறேன்.

"பயந்து நிக்கிற சனத்துக்கு ஒண்டும் விக்கக் கூடாது, பிள்ளை."

அப்போது நான் இளவயது. விற்காமல் எப்படிக் கடை நடக்கும் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். அவர் சொன்னதன் கனம் தெரிந்தது முனியாண்டி அண்ணன் விஷயத்தில்தான்.

முனியாண்டி அண்ணன் புக்கிட் ரோத்தான் பக்கத்து செம்பனைத் தோட்டத்தில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தவர். வேலையை விட்டு வந்த பிறகு அதே ஊர்த் தாமான் குடியிருப்பில் மகளோடு இருந்தார். மனைவி காலமாகி வெகு நாளாகிறது. மகள் புவனா பத்தாங் காலியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இஜோக், பத்து அராங், ரவாங் என்று தினமும் போய் வர வேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவே ஆளரவம் இல்லாத சாலை அது. அந்த வண்டியை அவள் தன் சம்பளத்தில் வாங்கினாள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வைத்து அவள் முதல் தடவை ஓட்டிக்கொண்டு போனபோது, அண்ணன் ஷோரூம் வாசலில் நின்று அழுதுவிட்டார். தூசி விழுந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

உத்தரவாதம் இருந்த காலம் வரை வண்டி எங்களிடம்தான் வந்தது. அது எப்போது முடியும் என்று அவர் தீபாவளிக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். முடிந்ததும் உதிரிப்பாகக் கவுண்டருக்கு வந்து எண்ணெய் பில்டர் ஒன்றும் எஞ்சின் எண்ணெயும் வாங்கினார். இனிமேல் தன் பிள்ளை வண்டியைத் தான் பார்த்துக்கொள்வதாக அங்கே நின்ற எல்லோருக்கும் அறிவித்தார். கேட்காதவர்களுக்கும் அறிவித்தார்.

அதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன்தான் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்து போயிருந்தது. நடையில் குறை தெரியாது. வலது கைப்பிடியில் மட்டும் பழைய பலம் இல்லை. முழங்காலும் மக்கர் பண்ணியது. வண்டிக்கு அடியில் படுத்தால் எழுவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இந்த நிலையில்தான் புவனா என்னிடம் வந்தாள். உத்தரவாதம் இன்னும் முடியவில்லை என்று அப்பாவிடம் ஒரு பொய் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவருக்குத் தேதி வாசிக்கத் தெரியும் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு ஏதாச்சும் ஒரு நட்ட சரியா முறுக்காம விட்டு எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, அதோட அவரு உயிரோட இருக்க மாட்டாரு அக்கா. எனக்கு அந்தப் பயந்தான்" என்றாள்.

அப்பாவிடமே இதைச் சொல்லிவிடு என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். வண்டியையும் பிடுங்கிவிட்டால் அவருக்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரியாமல் சின்னப் பராமரிப்புப் பேக்கேஜ் ஒன்றை எடுத்தாள்.

அதன் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். முனியாண்டி அண்ணன் நாள் பார்த்து எங்கள் கடையில் பில்டர் வாங்கிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெய் மாற்றுவார். அடுத்த சனிக்கிழமை, டியூஷன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புவனா அதே வண்டியை எங்களிடம் கொண்டு வருவாள். அவர் ஊற்றிய புது எண்ணெயை வடித்துவிட்டு, அவர் மாட்டிய புது பில்டரைக் கழற்றிவிட்டு, நாங்கள் இன்னொரு புது பில்டரை மாட்டுவோம். ஒரே கடையில் வாங்கிய ஒரே பில்டர். அப்பாவுக்கு எப்படித் தெரியப் போகிறது என்று அவள் நினைத்தாள். நல்ல எண்ணெயை வடித்துக் கொட்ட எங்களுக்கே மனசு கேட்கவில்லை. ஆனாலும் வண்டி அவளுடையது, பயமும் அவளுடையது.

முதல் தடவையே எங்கள் மெக்கானிக் ஆ சோங் ஒரு பில்டரைக் கையில் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. இது கம்பெனி வைத்த அடையாளமா என்று மலாயில் கேட்டான். இல்லை, ஒரு அப்பா வைத்தது என்றேன். தோட்டத்துப் பட்டறையில் ஆயுத பூசைக்கு டிராக்டர் முதல் ஸ்பேனர் வரை பொட்டு வைப்பார்கள். முனியாண்டி அண்ணன் அதை வருஷத்துக்கு ஒரு நாளோடு நிறுத்தியவர் இல்லை. புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் வண்டியில் ஏற்ற மாட்டார்.

ஆ சோங் அந்தப் பில்டரைக் குப்பையில் போடவில்லை. துடைத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தான். அடுத்த தடவை வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. கழிவுச் சாமான் எதற்கு அங்கே என்று மேனேஜர் கேட்டால், அவனுக்குத் திடீரென்று மலாயும் புரியாது, ஆங்கிலமும் புரியாது.

அப்புறம் அந்த வாரம் வந்தது. பள்ளியில் பரீட்சை நேரம். புவனாவுக்குச் சனிக்கிழமையும் வேலை இருந்ததால் வண்டியை எங்களிடம் கொண்டு வரவில்லை. ஒரு தடவை விட்டால் ஒன்றும் ஆகாது, இத்தனை நாளும் அப்பா செய்தது சரியாகத்தானே இருந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, நான் கடையைத் திறந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, புவனாவிடமிருந்து போன் வந்தது. பத்து அராங் தாண்டி எஞ்சின் எண்ணெய்க்கான சிவப்பு விளக்கு எரிந்ததாகவும், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டதாகவும் சொன்னாள். வண்டிக்கு அடியில் சாலையெல்லாம் எண்ணெய். இழுவை லோரியை அனுப்பினேன். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். நான் சொல்லவில்லை. ஆனால் லோரி இஜோக்கிலிருந்து புக்கிட் ரோத்தான் வழியாகத்தானே வர வேண்டும்? தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருந்த யாரோ பார்த்துவிட்டு, உன் மகள் வண்டியை லோரி தூக்கிக்கொண்டு போகிறது என்று போய்ச் சொல்லிவிட்டார்கள்.

வண்டியை உயரத் தூக்கி ஆ சோங் பில்டரைக் கழற்றும்போது நானும் புவனாவும் பக்கத்தில் நின்றோம். பில்டரின் வாயைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அன்றைக்கு அங்கே இரண்டு வளையம் இருந்தது. பழைய பில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல் அண்ணன் அதன் மேலேயே புதியதை மாட்டியிருக்கிறார். கொஞ்ச நாள் தாங்கியது, அப்புறம் பிதுங்கிவிட்டது. கை நன்றாக இருக்கிற மெக்கானிக்குகளே செய்கிற தவறுதான். ஆனால் மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் பிடித்து அடியில் ஒரு முறை பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முனியாண்டி அண்ணன் அப்படிப் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

புவனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல் அடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டாள். நியாயமாகச் சொன்னால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த மனுஷனின் முகத்தைக் காப்பாற்ற ஒரு சின்னக் கல் போதும். அதே நேரத்தில் மேனேஜர் பின்னால் வந்து நின்று, இந்தப் பெண் இப்போது எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடும், பெரிய பேக்கேஜைப் பேசி முடித்துவிடு என்று காதில் ஓதினார். ஒரு பக்கம் இரக்கப் பொய், இன்னொரு பக்கம் சுலப வியாபாரம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

நான் யோசித்தது இவ்வளவுதான். கல் என்று சொன்னால் அடுத்த தடவையும் இவர் அடியில் போய்ப் படுப்பார். அடுத்த தடவை சிவப்பு விளக்கோடு போகுமா என்பது யாருக்குத் தெரியும்?

அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். முதலில் மகளைத்தான் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவருக்கு நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. நான் அவரைக் கவுண்டருக்குக் கூட்டிப் போகாமல் வண்டிக்குக் கீழே கூட்டிப் போனேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, விளக்கு எரிந்த உடனே புவனா நிறுத்திவிட்டாள் என்று முதலில் அதைச் சொன்னேன். நிறைய பேர் வீடு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டி எஞ்சினையே சாகடித்துவிட்டுத்தான் வருவார்கள் என்றும் சொன்னேன்.

"செவப்பு எரிஞ்சா யோசிக்காத, நிறுத்துன்னு நீங்கதானேப்பா சொல்லிக் குடுத்தீங்க" என்றாள் புவனா.

அடுத்து அந்த இரண்டு வளையத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆ சோங் கையிலிருந்த பில்டரைப் பார்த்துவிட்டார். எண்ணெயில் நனைந்திருந்தாலும் பொட்டு அழியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடவ நீங்க மாத்தலியா, தங்கச்சி?"

புவனா சட்டென்று தரையைப் பார்த்தாள். ஆ சோங்குக்குத் தமிழ் தெரியாது. அவன்கூட ஏதோ புரிந்ததுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவருக்கு முதலிலிருந்தே தெரியுமாம். ஒவ்வொரு முறையும் தான் பொட்டு வைத்து மாட்டிய பில்டர், அடுத்த முறை கழற்றும்போது பொட்டுக் கறைகூட இல்லாமல் இருந்தது. எவனோ மாற்றுகிறான் என்று தெரிந்துவிட்டது. முதல் நாள் கோபம் வந்ததாம். பிறகு, சரி, நம்ம கை இப்போது நம்பிக்கையான கை இல்லை, பிள்ளை யோசித்துத்தான் செய்திருக்கிறாள் என்று விட்டுவிட்டாராம். அதற்கப்புறம், எப்படியும் கடையில் பார்ப்பார்கள் என்று, மாட்டிய பிறகு அடியில் பார்ப்பதையும் விட்டுவிட்டார். இவள் அப்பா பார்த்திருப்பார் என்று விட்டாள், அவர் கடையில் பார்ப்பார்கள் என்று விட்டார். இரண்டு பேர் கண்ணும் கருத்துமாகப் பார்த்த வண்டி, அந்த ஒரு வாரம் யாருமே பார்க்காத வண்டியாகிவிட்டது.

புவனா அழுதுவிட்டாள். தெரிந்துமா இந்த முழங்காலோடு கீழே படுத்தீர்கள் என்று கேட்டாள்.

"நீ பக்கத்துல குந்தி ஸ்பேனர் எடுத்துக் குடுப்பியேம்மா. அப்பத்தான் ஸ்கூல் கதையெல்லாம் சொல்லுவ. மத்த நாள்ல எங்க பேசுற, வந்தா படுத்துத் தூங்கிர்ற" என்றார் அண்ணன். குற்றம் சொல்லும் குரல் இல்லை. மகள் களைத்து வருவது அவருக்குத் தெரியும்.

நான் அந்த இரண்டு வளையத்தை அவரிடம் காட்டினேன். மழுப்பவில்லை. உங்கள் கையில் நடந்ததுதான் அண்ணே என்று சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்து, கட்டை விரலால் தடவி, ஆமாம் என்றார். "அடியில பாத்திருக்கணும்" என்றார் ஒரு தடவை. அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

மேனேஜர் இன்னும் பேக்கேஜ் தாளோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர்கள் எதை நீட்டினாலும் வாங்கியிருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்பாவே எடுத்துவிடு என்றிருப்பார். நான் தாளை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். அப்பாவும் மகளும் எதிரே உள்ள கடையில் போய்த் தேத்தண்ணீர் குடியுங்கள், வண்டியை யார் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று வாய்விட்டுப் பேசுங்கள், இன்றைக்கு இங்கே எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். மேனேஜரிடம் அன்று நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம். பழைய மேற்பார்வையாளர் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்திருப்பார். அவர் பாராட்டு அப்படித்தான் இருக்கும்.

அவர்கள் பேசி முடிவெடுத்தார்கள். வண்டிக்கு அடியில் உள்ளதெல்லாம் கடைக்கு: எண்ணெய், பிரேக், எல்லாம். அதற்கு ஏற்கெனவே எடுத்த சின்னப் பேக்கேஜே போதும். நின்றுகொண்டே செய்யக்கூடியதெல்லாம் அண்ணனுக்கு: பேட்டரி, தண்ணீர், வைப்பர், டயரில் காற்று, காற்று பில்டர். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் உண்டு. ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மகளும் உண்டு. பேட்டரிக்கு ஸ்பேனர் அவ்வளவு அடிக்கடி தேவைப்படாதே என்று நான் கேட்கவில்லை. எங்கே என்ன கேட்கக் கூடாது என்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்தான்.

ஆகவே பிள்ளைகளே, பேக்கேஜா, சொந்தக் கையா என்று யாராவது கேட்டால், உடனே தாளை எடுக்காதீர்கள். இந்த வண்டியை இப்போது யார் பார்க்கிறார்கள், அது வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேளுங்கள். அதற்குப் பதில் உடனே வராது, பொறுத்திருங்கள். பயந்து போய் வந்திருந்தால் தண்ணீர் கொடுங்கள். விற்பதை நாளைக்கு விற்கலாம்.

அடுத்த சர்வீஸுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணன் காத்திருக்கும் அறையில் உட்காராமல் பட்டறை வாசல் கோட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே வரக் கூடாது என்பது கடை விதி, அவர் விதியை மீறுகிறவர் இல்லை. ஆ சோங் பழைய எண்ணெயை வடித்தான். பழைய பில்டரைக் கழற்றி, ரப்பர் வளையம் அதோடு வந்துவிட்டதா என்று பார்த்து, அவருக்கும் தூக்கிக் காட்டினான். பிறகு புதுப் பில்டரைப் பெட்டியிலிருந்து எடுத்தவன், அதை மாட்டாமல் கோடு வரைக்கும் நடந்து வந்து அவர் முன்னால் நீட்டினான். இதற்கு இன்னும் வைக்கவில்லையே, அங்கிள் என்று மலாயில் சொன்னான்.

அண்ணன் சட்டைப் பையைத் தடவினார். சின்னப் பொட்டலம் இருந்தது. அதைக் கொண்டு வந்திருக்கிறார், கேட்கத்தான் கூச்சப்பட்டிருக்கிறார். விரலில் குங்குமம் எடுத்தார். புவனா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பொட்டு கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. ஆ சோங் அதைத் துடைக்காமல் அப்படியே கொண்டுபோய் மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கைப் பிடித்து அடியில் பார்த்தான்.